பந்தாடிய பெண்மணி லில்லி பார்

மதுரையில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்து, தூக்குச்சட்டியும் கையுமாக வேலைக்குப் போன குடும்பங்கள் பல. ஹார்வி மில் என்றால் நம் பெரியவர்களுக்கு இன்றும் நினைவு வரும். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லங்காஷயரும் அப்படிப்பட்ட சீமைதான். பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என்று உழைத்துப் பிழைத்த மக்கள் நிறைந்த பகுதி அது. அங்கே ஓர் எளிய தொழிலாளியின் மகளாகப் பிறந்து, கால்பந்தாட்டத்தில் பெரும்புகழ் பெற்றவர் லில்லி பார்.

1905-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் செயிண்ட் ஹெலன்ஸ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளி. வீட்டில் ஏழு குழந்தைகள். தையலும் சமையலும் லில்லியின் மனத்தைக் கவரவில்லை. உடன்பிறந்த பையன்களோடு பொட்டலில் பந்து உதைப்பதே அவருக்கு உயிர். நல்ல உயரம், இடது காலிலே அபார வலிமை.

முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். தொழிற்சாலைகளில் அவர்கள் இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். பிரஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1917-இல் ஒரு கால்பந்துக் குழு அமைத்தார்கள். காயம்பட்ட போர்வீரர்களுக்கு நிதி சேர்க்க ஆடினார்கள். பின்னர் செயிண்ட் ஹெலன்ஸ் குழுவில் ஆடிய லில்லி அவர்கள் கண்ணில் பட்டார். ஏறத்தாழ பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வேலையும் கொடுத்து, குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் படி கிடைத்தது.

1920-இல் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் குழு இங்கிலாந்துக்கு வந்தது. பிரஸ்டனில் நடந்த முதல் ஆட்டத்தைக் காண 25,000 பேர் திரண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூல் நகரில் டிக் கெர் குழு ஆடியபோது கூடியவர்கள் 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். வசூலான 3,000 பவுனுக்கு மேற்பட்ட தொகை தருமத்துக்குப் போயிற்று.

இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் மகிழத்தானே வேண்டும்? ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தார் மகிழவில்லை. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்றார்கள். தரும நிதியின் கணக்கிலும் குறை சொன்னார்கள். 1921 டிசம்பர் 5-ஆம் நாள், தங்கள் சங்கத்தில் சேர்ந்த கழகங்கள் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று தடை போட்டார்கள்.

லில்லியும் தோழியரும் சோர்ந்துவிடவில்லை. 1922-இல் கப்பலேறினார்கள். கனடாவில் ஆட அனுமதி மறுக்கப்பட்டது. அமெரிக்காவிலோ ஆண்கள் குழுக்களோடு மோதினார்கள். ஒன்பது ஆட்டங்கள்: வெற்றி மூன்று, சமம் மூன்று, தோல்வி மூன்று! ஊர் திரும்பியபின் பெரிய மைதானம் இல்லாவிட்டால் என்ன என்று, கிடைத்த திடலில் எல்லாம் ஆடினார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு லில்லி நர்ஸ் வேலை கற்றார். பிரஸ்டனுக்கு அருகே விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஓய்வு நாளில் பந்து. இப்படியே 1951 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆடினார். அவர் போட்ட கோல்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல் என்று சொல்லப்படுகிறது.

தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1970-களின் தொடக்கத்தில் மைதானக் கதவுகள் திறந்தன. அப்போது லில்லிக்கு வயது அறுபத்தைந்து கடந்துவிட்டது. ஆடும் வயது போய்விட்டாலும், காணும் பேறு கிடைத்தது. 1978 மே 24-ஆம் நாள் அவர் காலமானார்.

2002-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. 2019-இல் மான்செஸ்டர் நகரில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

அதே 2019-இல்தான் நம் மதுரையின் சேது கால்பந்துக் கழகப் பெண்கள் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றார்கள். லில்லியின் பெயரை நம் வீட்டுப் பெண்கள் அறியாதிருக்கலாம். ஆனால் பெண் பந்தாடலாமா என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே லங்காஷயரில் சொல்லப்பட்டுவிட்டது.