கணித மேதையின் முதலாண்டு

கணிப்பொறி அறிவியல் வகுப்பில் நாம் காலடி வைத்த முதலாண்டு நினைவிருக்கிறதா? பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள்கூட இல்லாத வீட்டிலிருந்து, தமிழ் வழியில் படித்து வந்தவன் நான். முதல் பருவத் தேர்விலேயே ஆங்கிலத் தாள் நின்று போயிற்று. கணித மேதை இராமானுஜனும் கல்லூரியில் தோற்றவர்தான் என்று எல்லோரும் ஆறுதல் கூறினார்கள். அந்த ஆறுதலை நம்பியே அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த அவர் வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடைக் கணக்கர். சம்பளம் மாதம் 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடுவார். வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் சிறுவன் இராமானுஜன் கற்றுத் தீர்த்துவிட்டான். 1903-ல் ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த கணித நூல் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், விளக்கமோ மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார்.

1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசு கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், ரோம கிரேக்க வரலாறு என எல்லாமே படித்தாக வேண்டும். அவரோ கணிதம் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல்! 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். காணவில்லை என்று பெற்றோர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள்.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு விளங்கிற்று. பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் அவர். ஆங்கிலம் வராததால் அவர் தோற்கவில்லை. நானோ வராததால் தோற்றேன். அவருடைய தோல்வியை என் தோல்விக்குப் போர்வையாக்குவது நேர்மையாகாது. ஆனால் அந்த 32 ரூபாயை நினைத்து ஒரு வீடு கலங்கியதை என்னால் நன்றாக உணர முடிகிறது.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். தவளையை அறுக்கும் உடலியல் பாடம் அவருக்கு வேம்பாயிற்று. இடையில் நோயும் வந்தது. 1907-ல் மீண்டும் எழுதியும் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. தாள் விலை கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். நம் பாடத்தில் வரும் தற்காலிக நினைவகமும் நிலைச் சேமிப்பும் எனக்கு இதைப் படித்த பிறகே சரியாகப் புரிந்தன!

1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம். அதன் பின் அந்த நோட்டுகளைச் சுமந்துகொண்டு வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி அய்யர் அவற்றின் அருமையை உணர்ந்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே கடல் கடந்த கதவைத் திறந்தது. 1914-ல் கப்பலேறினார். 1916-ல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம் தந்தது. 1918-ல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு 1919-ல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் தம் 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

1914-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பை எண்ணைக் கணிக்கும் தொடர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கொண்டு 1985-ல் கோஸ்பர் என்ற அமெரிக்கர் கணிப்பொறியில் ஒரு கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான இலக்கங்களைக் கண்டார். அதே தொடரை நம் ஆய்வகத்தில் சி மொழியில் எழுதிப் பார்த்தேன். பாடநூலில் உள்ள பழைய தொடர் ஆறு தசம இலக்கங்களுக்கு இலட்சக்கணக்கான உறுப்புகளைக் கேட்டது. இராமானுஜனின் முதல் உறுப்பு மட்டுமே 3.1415927 என்று காட்டிற்று. இரண்டாம் உறுப்பைச் சேர்த்தேன். அதற்கு மேல் இலக்கங்களை வைத்துக்கொள்ள அந்த மாறியில் இடமில்லை.