மருந்து வளர்த்த இசை

தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார், வயலினும் கற்றார். சித்த மருத்துவத்தின்மீது கொண்ட வேட்கை அவரைச் சுருளிமலைக்கு அழைத்துச் சென்றது. அங்குக் கருணானந்த முனிவரிடம் மூலிகைகளின் குணங்களையும் மருந்து செய்யும் முறைகளையும் அறிந்தார்.

பின்னர் தஞ்சையில் பெண்கள் பள்ளியொன்றில் அவரும் மனைவியாரும் ஆசிரியர்களாகப் பணியாற்றினர். மாதம் தவறாமல் வந்த ஊதியத்தை 1890-இல் துறந்து, மருத்துவத்தையே முழுநேரத் தொழிலாக்கினார். நிலம் வாங்கி மூலிகைகள் பயிரிட்டார். மக்கள் அதைப் ‘பண்டிதர் தோட்டம்’ என்றனர். அவரது கோரோசனை மாத்திரைகள் இலங்கை, பர்மா வரை புகழ் பெற்றன.

ஈட்டிய செல்வம் எங்கே போயிற்று? 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். சுருதிகள் 22 அல்ல, 24 என்று வாதிட்டு, அறிஞர் பலரின் எதிர்ப்பையும் தாங்கினார். 1919-இல் மறைந்தார்.

நண்பர்களே, ஆர்.எஸ்.புரத்து நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் அதிமதுரமும் வாங்கும்போது, மூலிகை வளர்த்த கையே தமிழிசையையும் வளர்த்தது என்பதை நினைவுகூர்வோம்.