'புதுமைப் பெண்' திட்டத்தின் பெயரில் இருக்கும் மூவலூர் ராமாமிர்தம் யார்?

மணப்பாறை பக்கத்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பஸ் ஏறி திருச்சி கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 'புதுமைப் பெண்' என்று நாம சொல்ற அந்தத் திட்டத்தின் முழுப்பெயர் 'மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்'. யார் இவர்?

1883-ல் பிறந்தவர். வறுமையில், ஐந்து வயதிலேயே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தேவதாசி ஒருவரிடம் அவரைக் கொடுத்துவிட்டதாக வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. வளர்ந்ததும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் அதையே நாவலாக எழுதினார். 1938-ல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது, 50 வயதைக் கடந்த இவரும் கூடவே நடந்தார். 1947-ல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது. 1962-ல் மறைந்தார்.

1989-ல் இவர் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் எட்டாவது படித்திருந்தால்தான் பணம். பிறகு அது பத்தாவது ஆனது. 2022-ல் அந்தத் திட்டமே கல்லூரிப் படிப்புக்கான உதவியாக மாறியது. தொடங்கியபோது, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது.

முன்பணம் வாங்கிக்கொண்டு மகளை வீட்டு வேலைக்கோ மில்லுக்கோ அனுப்பலாமா என்று யோசிக்கிற வீடு இன்னும் இருக்கு. அந்தச் சம்பளத்துக்கு 1,000 ரூபாய் ஈடாகாதுதான். ஆனா, படிக்கிற பொண்ணு வீட்டுக்குச் சுமைன்னு சொல்றவங்களுக்கு அது ஒரு பதில். பத்து ரூபாய்க்குக் கைமாறிய சிறுமியின் பெயர் அதில் இருப்பது பொருத்தம்தான்.