பப்ரீசியஸ் கண்ட பை

இத்தாலி நாட்டில், உரோமாபுரிக்கு வடக்கே, அக்வபெண்டென்டே என்னும் ஊர் ஒன்று உண்டு. அவ்வூரில் ஏறத்தாழ 1533ஆம் ஆண்டில் பப்ரீசியஸ் பிறந்தார். இளமையிலேயே பதுவா நகரப் பல்கலைக்கழகத்தை அடைந்து, பலோப்பியோ என்னும் பேராசிரியரிடம் உடற்கூற்றியல் பயின்றார். ஆசிரியர் மறைந்தபின், 1565இல் அவர்தம் இருக்கையும் இவரையே வந்தடைந்தது. மாணாக்கர் அனைவரும் உடலறுத்துக் காட்டுவதைத் தெளிவாகக் காணவேண்டும் என்று விழைந்து, அடுக்கடுக்காய் உயரும் மர அரங்கொன்றை 1594இல் அமைப்பித்தார். அவ்வரங்கம் இன்றும் அந்நகரில் உள்ளது.

இரத்தம் செல்லும் சிரைகளினுள்ளே சிறு கதவங்கள் போன்ற இதழ்கள் இருத்தலை விளக்கி, 1603இல் அவர் நூலொன்று வெளியிட்டார். இரத்தம் கைகால்களை நோக்கி விரைந்து பாயாதவாறு அவை தடுக்கின்றன என்று கருதினார். அவரிடம் பயின்ற ஆங்கில மாணவர் வில்லியம் ஹார்வியோ, அவை இரத்தத்தை இதயம் நோக்கியே செல்லவிடுகின்றன என்பதை 1628இல் உலகிற்கு உணர்த்தினார். ஆசிரியர் கண்டது பிழையன்று. கொண்ட கருத்தே பிழை.

கோழி முட்டையினுள் குஞ்சு நாளுக்கு நாள் வளர்வதையும் அவர் ஆராய்ந்து படங்களுடன் எழுதிவைத்தார். அந்நூல், அவர் 1619இல் இறந்தபின், 1621இல் வெளிவந்தது. கோழியின் கழிவாய்க்கு மேற்புறம் உள்ள சிறு பையொன்றைப் பற்றி அதில் கூறியுள்ளார். சேவலின் வித்தினைச் சேமித்து வைக்கும் கலம் அது என்பது அவர் எண்ணம். சேவலுக்கும் அப்பை உண்டு என்பதை நோக்கின், அக்கருத்து நில்லாமை விளங்கும்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பையின் பயன் புலப்படவில்லை. அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்னும் மாணவர் குஞ்சுகளிடமிருந்து அதனை அகற்றிப் பார்த்தார், வேறுபாடொன்றும் தோன்றவில்லை. பின்னர் நண்பர் ஒருவர், இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றுவதை வகுப்பிற்குக் காட்ட அக்கோழிகளையே வாங்கி, அவற்றின் உடலில் கிருமிகளைச் செலுத்தினார். பை நீக்கப்பெற்ற கோழிகளில் எதிர்ப்பொருள் தோன்றவே இல்லை! பெயர்பெற்ற அறிவியல் இதழொன்று இச்செய்தியை ஏலாது திருப்பியனுப்பியது. கோழியியல் இதழொன்றே 1956இல் அதனை வெளியிட்டது.

எதிர்ப்பொருளை ஆக்கும் உயிரணுக்கள், அப்பையின் இலத்தீன் பெயராகிய பர்சா என்பதன் முதலெழுத்தால் ‘பி’ அணுக்கள் எனப்பட்டன. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வன ‘டி’ அணுக்கள். மெல்போர்ன் நகரில் மில்லர், மிட்செல் என்னும் இருவர் 1968இல் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டனர்: எதிர்ப்பொருளைச் செய்வது பி அணுவே, ஆயினும் டி அணு உடன் நின்றாலன்றி அஃது அப்பணியைச் செவ்வனே செய்யாது.

கிருமியின் புரதத்தைப் பற்றிய பி அணு, அதனைத் துணுக்குகளாக்கித் தன் மேற்பரப்பில் காட்டி நிற்கும். அதனை அடையாளம் கண்ட துணை டி அணு நெருங்கி வந்து தொட்டுக் குறிப்புணர்த்தும். சில வேதிப்பொருள்களையும் சுரக்கும். அத்துணை கிடைத்த பி அணு பலவாய்ப் பெருகும்; சில நெடுங்காலம் வாழ்ந்து கிருமியை நினைவில் வைத்திருக்கும். துணை பெறாதவற்றுட் பெரும்பாலன மடியும். சில சருக்கரைப் பொருள்களுக்கு எதிராகப் பணியாற்ற இத்துணை வேண்டுவதில்லை; புரதங்களுக்கோ அது பெரிதும் வேண்டப்படும்.

மக்கள் உடலில் பப்ரீசியஸ் கண்ட பை இல்லை. நம் பி அணுக்கள் எலும்பு மச்சையில் தோன்றுகின்றன. பெயரை மட்டும் கோழியிடமிருந்து பெற்றுள்ளன.