தங்கம் தேடிப் போனவர் சக்கரம் கண்டார்

உயரமான மலையில் இருந்து குழாய் வழியே தண்ணீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையங்களில், பெரும்பாலும் பெல்டன் சக்கரம்தான் சுழல்கிறது. அந்தச் சக்கரத்துக்குப் பெயர் கொடுத்த லெஸ்டர் ஆலன் பெல்டன், கல்லூரியில் பொறியியல் படித்தவர் அல்ல. உளியும் ரம்பமும் பிடித்த தச்சர்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த வெர்மிலியன் என்ற ஊரில் 1829-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி அவர் பிறந்தார். 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி நாடெங்கும் பரவியது. ஊர் ஊராக இளைஞர்கள் கிளம்பினார்கள். 1850-ல் பெல்டனும் நண்பர்களுடன் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20.

மீன் பிடித்தார்

தங்கம் எல்லோருக்கும் கிடைத்துவிடுமா? பெல்டனுக்குக் கிடைக்கவில்லை. சேக்ரமென்டோ நகரில் மீன் பிடித்துப் பிழைப்பு நடத்தினார். பிறகு மலைப்பகுதிக்குப் போய், கேம்ப்டன்வில் என்ற சிற்றூரில் தங்கினார். சுரங்கங்களுக்கு வேண்டிய மர வேலைகளையும், ஆலை எந்திர வேலைகளையும் செய்தார்.

அந்தச் சுரங்கங்களுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. பாறையை உடைத்துப் பொடியாக்கினால்தான் தங்கம் பிரியும். பொடியாக்கும் எந்திரங்கள் நீராவியில் ஓடின. நீராவிக்கு விறகு வேண்டும். சுற்றிலும் இருந்த மரங்கள் வெட்டப்பட்டு, மலைகள் மொட்டையாகிக்கொண்டு வந்தன. விறகுச் செலவு தங்கத்தின் வரவை விழுங்கினால் சுரங்கத்தை மூட வேண்டியதுதான். அதை நம்பி இருக்கும் தொழிலாளியின் அடுப்பும் அணைந்துவிடும்.

மலையில் ஓடைகளுக்குக் குறைவு இல்லை. உயரத்தில் இருந்து இரும்புக் குழாயில் இறக்கினால், சிறிதளவு தண்ணீர்கூட அம்பு போலப் பாயும். ஆனால் அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும் நல்ல சக்கரம் இல்லை.

வீணான பாதி

அப்போது இருந்த சக்கரங்களில் விளிம்பைச் சுற்றித் தட்டையான பலகைகளை அடித்திருப்பார்கள். நீர்த்தாரை பலகையில் மோதி நாலாபுறமும் சிதறும். சிதறும் தண்ணீரிலேயே பெரும் பங்கு சக்தி போய்விடும். கணக்குப்படி பார்த்தால், தட்டைப் பலகையால் எவ்வளவு முயன்றாலும் பாதிக்கு மேல் எடுக்க முடியாது. சம்பளம் வாங்கியவன் பாதியைக் கையோடு கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு, மீதியை மட்டும் வீட்டில் கொடுப்பது போன்ற கதைதான் அது.

1870-களில் ஒரு நாள், சுழன்றுகொண்டிருந்த ஒரு சக்கரத்தைப் பெல்டன் கவனித்தாராம். சக்கரத்தை அச்சோடு இறுக்கி வைத்திருந்த ஆப்பு நழுவி, சக்கரம் சற்று விலகியது. கிண்ணத்தின் நடுவில் விழ வேண்டிய நீர்த்தாரை ஓரத்தில் விழுந்தது. சக்கரம் மெதுவாகும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாகச் சுற்றியது. ஓரத்தில் விழுந்த தண்ணீர், கிண்ணத்தின் வளைவோடு போய், அரைவட்டம் அடித்து, வந்த திசைக்கே திரும்பியது. இதை இப்படிச் சொல்வார்கள். மாட்டின் மூக்கில் தண்ணீர் பட்டுத் திரும்பியதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று வேறு ஒரு கதையும் உண்டு.

எப்படி வந்திருந்தாலும் யோசனை இதுதான். தண்ணீரைத் தடுக்கக் கூடாது, திருப்பிவிட வேண்டும். நீர்த்தாரையின் வேகத்தில் ஏறத்தாழ பாதி வேகத்தில் சக்கரம் சுழன்றால், திரும்பும் தண்ணீரில் வேகமே மிஞ்சாது. அதன் சக்தி சக்கரத்துக்கு வந்துவிடும்.

இரட்டைக் கிண்ணம்

இதில் ஒரு சிக்கல். தண்ணீர் ஒரு பக்கமாகவே திரும்பினால் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே பெல்டன் இரண்டு கிண்ணங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தார். நடுவில் கத்தி முனை போல ஒரு வரப்பு. நீர்த்தாரை அந்த வரப்பில் பட்டு, இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் சமமாகத் திரும்பியது. ஒரு பக்கத் தள்ளலை மறுபக்கத் தள்ளல் சரிக்கட்டியது. தண்ணீர் முழு அரைவட்டம் திரும்பினால் பின்னால் வரும் கிண்ணத்தின் முதுகில் அடிக்கும். அதனால் சற்றுக் குறைவாகத் திரும்பும்படி வளைவு அமைய வேண்டும்.

தான் குடியிருந்த வீட்டுக்காரப் பெண்மணியின் தையல் எந்திரத்தை, சின்னதாக ஒரு சக்கரம் செய்து ஓட்டிக் காட்டினார் பெல்டன். 1878-ல் நெவாடா சிட்டியில் உள்ள மேபிளவர் சுரங்கத்தில் அவருடைய சக்கரம் வேலைக்கு வந்தது. 1880 அக்டோபர் 26-ந் தேதி காப்புரிமை கிடைத்தது.

போட்டியில் வெற்றி

ஆனாலும் புதுச் சக்கரத்தை எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. 1883-ல் கிராஸ் வேலியில் ஐடஹோ சுரங்கக் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. பல சக்கரங்கள் கலந்துகொண்டன. தண்ணீரின் சக்தியில் 100-க்கு 90 பங்குக்கு மேல் எடுத்துக் கொடுத்தது பெல்டன் சக்கரம். அடுத்து வந்த சக்கரம் 76 பங்கு அளவில் நின்றுவிட்டது. அதன்பின் பேச்சே இல்லை, ஆர்டர்கள் வந்தன.

1888-ல் சான்பிரான்சிஸ்கோவில் பெல்டன் சக்கரக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1895-ல் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் அவருக்கு எலியட் கிரெசன் பதக்கம் வழங்கியது. கிராஸ் வேலியில் உள்ள நார்த் ஸ்டார் சுரங்கத்தில் 30 அடி விட்டமுள்ள பெல்டன் சக்கரம் எழுந்ததும் அதே ஆண்டில்தான். 1899-ல் வில்லியம் டோபிள் என்பவர், தண்ணீர் இன்னும் ஒழுங்காக உள்ளே நுழையும்படி கிண்ணத்தின் வடிவத்தைத் திருத்தினார். நடு வரப்பு மட்டும் மாறவில்லை.

1908 மார்ச் 14-ந் தேதி, ஓக்லாந்து நகரில் பெல்டன் காலமானார். தங்கம் தேடி ஊரைவிட்டுப் போனவரின் உடல், பிறந்த ஊரான வெர்மிலியனில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் இறந்து 7 ஆண்டுகளில், 1915-ல், லோனாவ்லா பக்கத்து ஏரிகளின் தண்ணீர் 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருந்து கோபோலியில் இறங்கியது. டாடா நிறுவனத்தின் பெல்டன் சக்கரங்கள் சுழன்றன. பம்பாயின் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் வந்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காரா மின்நிலையத்தில், 3,000 அடிக்கு மேல் உயரத்தில் இருந்து விழும் தண்ணீரை வாங்கிக்கொண்டதும் இதே இரட்டைக் கிண்ணம்தான்.

பெல்டன் தங்கத்தைத் தோண்டி எடுக்கவில்லை. வீணாகப் போகிற தண்ணீரை ஒரு நிமிடம் நின்று பார்த்தார். அதன் பலனை ஊர் ஊராக மக்கள் அனுபவிக்கிறார்கள்.