நைஜீரியாவின் முதல் பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா

அல்ஹாஜ் சர் அபூபக்கர் தஃபாவா பலேவா அவர்கள் 1912ஆம் ஆண்டு வட நைஜீரியாவின் பவ்ச்சிப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார்கள். கட்சினா கல்லூரியில் பயின்று ஆசிரியப் பணியாற்றினார்கள். ஹவுஸா மொழியில் ‘ஷைஹு உமர்’ என்னும் கதை நூலையும் இயற்றினார்கள்.

பல இனத்தவர் வாழும் நைஜீரியா ஒரே நாடு என்பது ஆங்கிலேயரின் எண்ணமேயன்றி மக்களின் விருப்பமன்று என 1948இல் சட்டமன்றத்தில் வாதிட்டவர்கள் இவர்கள். 1952இல் பொதுப்பணித்துறை அமைச்சராகவும், 1954இல் போக்குவரத்து அமைச்சராகவும் பொறுப்பேற்றார்கள். நைஜர் ஆற்றில் படகுப் போக்குவரத்தை மேம்படுத்தும் பொருட்டு, 1955இல் அமெரிக்க நதிகளைப் பார்வையிடச் சென்றார்கள். அங்கோ, வெவ்வேறு இனத்தார் ஒரே கூட்டாட்சியின்கீழ் வாழ்வதைக் கண்டார்கள். ஆற்றைக் காணச் சென்றவர்கள், ஒன்றுபட்ட நைஜீரியா சாத்தியமே என்ற நம்பிக்கையுடன் திரும்பினார்கள்!

1957இல் பிரதமரானார்கள். 1958இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிற்று. 1960 அக்டோபர் 1இல் நாடு விடுதலை பெற்றது. சஹாராவில் அணுகுண்டுச் சோதனை நடத்திய பிரான்சுடன் 1961இல் உறவை முறித்தார்கள்.

மேற்கு மாகாணத்தில் 1962இல் அவசரநிலை பிறப்பித்தவர்கள், 1965இல் தேர்தல் முறைகேட்டால் அங்கே பெருங்கலவரம் மூண்டபோது அவ்வாறு செய்யவில்லை. அம்முறை ஆட்சியிலிருந்தோர் தம் கூட்டாளிகள். இதனை அவர்களின் பெருங்குறை என்றே கூற வேண்டும்.

1966 ஜனவரி 15, ரமளான் மாதம். இராணுவ அதிகாரிகள் சிலர் லாகோஸ் இல்லத்திலிருந்து அவர்களைக் கடத்திச் சென்றனர். சில நாட்களுக்குப்பின் சாலையோரத்தில் உடல் கண்டெடுக்கப்பட்டு, பவ்ச்சியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது.