பஸ்சுக்கு வழி காட்டிய கணித மேதை

1662-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந்தேதி. காலை மணி 7.

பாரீஸ் நகரின் செயிண்ட் அந்துவான் வாசலில் ஒரே கூட்டம். நகரக் காவலர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் அருகே நீல அங்கி அணிந்த வண்டிக்காரர்கள். அந்த அங்கியில் அரசரின் சின்னமும், நகரத்தின் சின்னமும் பின்னப்பட்டு இருந்தன.

அதிகாரிகள் ஓர் உத்தரவை அறிவித்தார்கள். புதிய வண்டிகளை யாரும் மறிக்கக் கூடாது. மீறினால் கடும் தண்டனை என்பதே அந்த உத்தரவு. அது முடிந்ததும் முதல் சாரட்டு வண்டி புறப்பட்டது.

அது எந்தப் பிரபுவுக்கும் சொந்தமான வண்டி அல்ல. 5 "சூ" காசு கொடுத்தவர்கள் அதில் ஏறினார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள், அருகருகே உட்கார்ந்து போனார்கள்! இன்று நகரங்களில் ஓடும் டவுன் பஸ்சுக்கு இந்த வண்டிதான் பாட்டன்.

இந்த யோசனையைச் சொன்னவர் வண்டி வியாபாரி அல்ல. குதிரை வளர்த்தவரும் அல்ல. அவர் கணித மேதை பிளேஸ் பாஸ்கல்.

அப்போது அவருக்கு வயது 38. நோயில் வாடிய உடம்பு. வண்டி ஓடத் தொடங்கிய 5 மாதங்களில் அவர் கண் மூடினார்.

கரிக்கட்டையும் கணக்கும்

பாஸ்கல் 1623-ம் ஆண்டு ஜூன் 19-ந்தேதி பிரான்சு நாட்டில் கிளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். 3 வயதிலேயே தாயை இழந்தார். கில்பெர்ட் என்று ஓர் அக்காள். ஜாக்குலின் என்று ஒரு தங்கை. தகப்பனார் எத்தியன், வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் பெரிய அதிகாரி.

1631-ல் குடும்பம் பாரீசுக்கு வந்தது. மகனைத் தகப்பனார் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டில் தாமே பாடம் சொன்னார். ஆனால் கணக்கை மட்டும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் கணக்கில் இறங்கினால், மொழிப் பாடம் கெட்டுவிடும் என்று அவர் எண்ணினார்.

மறைத்து வைத்த பண்டத்தின் மேல்தானே பிள்ளைக்கு ஆசை வரும்! பாஸ்கல் கரிக்கட்டையால் தரையில் வட்டமும், முக்கோணமும் வரைந்தார். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால், இரண்டு செங்கோணத்துக்குச் சமம் என்ற உண்மையைத் தாமாகவே தேடிக்கொண்டு இருந்தார். அப்போது அவருக்கு வயது 12. இதைக் கண்ட தகப்பனார் பிரமித்துப் போனார். கணித நூல்களைத் தாமே எடுத்துக் கொடுத்தார்.

தகப்பனார் பட்ட பாடு

பிறகு தகப்பனாருக்கு ரூவான் நகரில் வரி வசூல் வேலை கிடைத்தது. இரவு பகலாகக் கணக்கு. அந்தக் காலப் பிரெஞ்சு நாணயக் கணக்கு தொல்லை பிடித்தது. 12 "தெனியே" சேர்ந்தால் 1 சூ. 20 சூ சேர்ந்தால் 1 "லீவர்". கூட்டிக் கூட்டித் தகப்பனார் களைத்துப் போவார்.

மகன் அதைப் பார்த்தார். 1642-ல், தம்முடைய 19-வது வயதில், கணக்குப் போட ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கினார். பல் சக்கரங்கள் கொண்ட பெட்டி அது. சக்கரத்தைச் சுற்றினால் கூட்டலும், கழித்தலும் விடையாக வரும். இன்றைய கணக்கு இயந்திரங்களுக்கு எல்லாம் அது முன்னோடி.

ஆனால் விலை மிக அதிகம். பணக்காரர்கள் வீட்டில் அது வேடிக்கைப் பொருளாக இருந்தது. ஏழைக் கணக்கருக்கு எட்டவில்லை.

1648-ல் பாஸ்கல் சொன்னபடி, அவருடைய அக்காள் கணவர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் தெ தோம் என்ற மலை மேல் ஏறினார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. உயரே காற்றின் அழுத்தம் குறைகிறது என்பது மெய்ப்பட்டது. அழுத்தத்தை அளக்கும் அலகுக்கு இன்று "பாஸ்கல்" என்றே பெயர்.

1654-ல் அவருடைய மனம் கடவுள் பக்கம் திரும்பியது. புகழை விட்டு ஒதுங்கினார். ஏழைகளைப் பற்றிய கவலை அவரை விடாமல் பற்றிக்கொண்டது.

தெருவெல்லாம் சாரட்டு

அப்போது பாரீசில் மக்கள் தொகை 4 லட்சத்துக்கும் மேல். தெருக்களோ குறுகல். மழை பெய்தால் சேறு. பிரபுக்களும், சீமான்களும் ஆளுக்கு ஒரு சாரட்டு வைத்து இருந்தார்கள். ஒருவர் போக ஒரு வண்டி. அதற்கு இரண்டு குதிரை, நான்கு குதிரை! எதிரும் புதிருமாக வண்டிகள் வந்து முட்டிக்கொண்டு நின்றால், நடந்து போகிறவனுக்கு வழியே இல்லை. இந்த நெரிசலைப் புவாலோ என்ற கவிஞர் கேலி செய்து எழுதிய கவிதை, 1666-ல் அச்சில் வந்தது.

வாடகை வண்டிகளும் இருந்தன. ஆனால் முழு வண்டிக்கும் பணம் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு அலைகிறவர்கள், நோயாளிகள், நடுத்தரக் குடும்பத்தார் அந்த வாடகைக்கு எங்கே போவார்கள்?

பாஸ்கல் கணக்குப் போட்டார். ஒரு வண்டியில் 8 பேர் உட்காரட்டும். ஆளுக்கு 5 சூ. ஒரு நடைக்கு 40 சூ, அதாவது 2 லீவர். தனியாகப் போனால் எட்டாத வண்டி, எட்டுப் பேர் சேர்ந்தால் எட்டிவிடுகிறது!

அதற்கு அவர் வகுத்த ஏற்பாடு இது தான்: வண்டி எப்போதும் ஒரே வழியில் போக வேண்டும். குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும். ஆள் குறைவாக இருந்தாலும், ஆளே இல்லாவிட்டாலும் புறப்பட்டே ஆக வேண்டும். ஏறுகிறவர் தம் இடத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

பாஸ்கலின் நண்பர் ருவான்னே பிரபு, மற்றும் இரண்டு பிரபுக்கள் கூட்டாகச் சேர்ந்தார்கள். 1662 ஜனவரியில் மன்னர் 14-ம் லூயி அனுமதி அளித்தார்.

அக்காள் ஏமாந்தாள்

முதல் நாள் 7 வண்டிகள் ஓடின. செயிண்ட் அந்துவான் வாசலில் இருந்து ஆற்றைக் கடந்து, லக்சம்பர்க் மாளிகை வரை பாதை. ஊரே தெருவில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. திருவிழா போல எங்கும் சிரித்த முகம்.

அக்காள் கில்பெர்ட்டும் தம்பியின் வண்டியில் ஏற ஆசைப்பட்டாள். தெருவில் காத்து நின்றாள். ஒன்று வந்தது, இடம் இல்லை. அடுத்ததும் அப்படியே. 5 வண்டிகள் நிறைந்தே போயின! பஸ்சுக்குக் காத்து நின்று ஏமாந்தவர்களின் வரிசையில் முதல் ஆள் அவள்தான் போலும்!

ஜூலை மாதத்துக்குள் பாதைகள் 5 ஆகப் பெருகின. அதில் ஒன்று நகரைச் சுற்றி வந்தது.

ஒரு தடை

இத்தனை மகிழ்ச்சியிலும் ஒரு குறை இருந்தது. அனுமதியைப் பதிவு செய்தபோது, பாரீஸ் உயர் நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. போர்வீரர்கள் ஏறக்கூடாது. பிரபுக்களின் வேலைக்காரர்கள் ஏறக்கூடாது. கைவேலை செய்யும் கூலிகளும் ஏறக்கூடாது! வசதி உள்ள நகரவாசிகள் சங்கடம் இல்லாமல் போவதற்காக இந்தத் தடை.

யாருக்கு வண்டி மிகவும் தேவையோ, அவர்களுக்கே கதவு அடைக்கப்பட்டது.

பாஸ்கல் மனம் வேறு பக்கம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் புளுவா என்ற ஊரில் ஏழைகள் பட்டினியால் வாடினார்கள். வண்டி வருமானத்தில் தமக்கு வரவேண்டிய பங்கில், 1000 லீவரை முன்பணமாகக் கேட்டார். அதை அந்த ஏழைகளுக்கு அனுப்ப நினைத்தார். அந்த முன்பணம் கிடைக்கவில்லை.

தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைக் குடி வைத்து இருந்தார். அவர்களுடைய பிள்ளைக்கு அம்மை கண்டது. பிள்ளையை வெளியே அனுப்பும்படி வேண்டியவர்கள் சொன்னார்கள். பாஸ்கல் மறுத்தார். நோயாளிப் பிள்ளையை அசைப்பதை விட, தாம் வெளியேறுவதே மேல் என்று முடிவு செய்தார். ஜூன் 29-ந்தேதி, நோயோடு அக்காள் வீட்டுக்குப் போனார். பிறகு தம் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. 1662 ஆகஸ்டு 19-ந்தேதி உயிர் பிரிந்தது. வயது 39.

வண்டிகளில் தமக்கு இருந்த பங்கில் ஒரு பகுதியை, ஏழைகளைக் காக்கும் இல்லங்களுக்கு உயிலில் எழுதி வைத்து இருந்தார்.

எல்லாருக்கும்

அவருக்குப் பிறகு வண்டிகள் நீண்ட காலம் ஓடவில்லை. கட்டணம் 6 சூ ஆக உயர்ந்தது. உழைக்கும் மக்களுக்கோ கதவு திறக்கவே இல்லை. சீமான்களிடம் சொந்தச் சாரட்டு இருந்தது. புதுமையின் கவர்ச்சி போனதும் கூட்டம் குறைந்தது. சுமார் 15 ஆண்டுகளில் வண்டிகள் மறைந்தன.

அதன்பின் சுமார் 150 ஆண்டுகள், பாரீஸ் மக்கள் பழையபடி நடந்தார்கள்.

1826-ல் பிரான்சின் நாந்த் நகரில், போத்ரி என்பவர் மீண்டும் இத்தகைய வண்டியை விட்டார். தம்முடைய வெந்நீர்க் குளியல் கூடத்துக்கு ஆட்கள் வருவதற்காகத்தான் தொடங்கினார். ஆனால் வழியில் யார் வேண்டுமானாலும் ஏறினார்கள்; இறங்கினார்கள். அந்த வண்டிக்கு "ஆம்னிபஸ்" என்று பெயர் வந்தது. 1828-ல் பாரீசுக்கும் ஆம்னிபஸ் வந்தது. மறு ஆண்டு லண்டனிலும் ஓடியது. பிறகு அது மறையவே இல்லை.

ஆம்னிபஸ் என்பது லத்தீன் சொல். அதற்கு "எல்லாருக்கும்" என்று பொருள். அதன் கடைசி எழுத்துகள்தான் இன்றைய "பஸ்".

பாஸ்கல் வண்டியில் எல்லாம் இருந்தது. பாதை இருந்தது, நேரம் இருந்தது, கட்டணம் இருந்தது. "எல்லாருக்கும்" என்பது மட்டும் இல்லை. அது இல்லாததால் வண்டி நின்றது. அது வந்ததும் உலகம் முழுவதும் ஓடியது.

இன்று சாரட்டு போய்க் கார் வந்து விட்டது. ஒருவர் போக ஒரு கார் என்ற வழக்கம் மட்டும் போகவில்லை. நெரிசலும் போகவில்லை. அதே பாரீஸ் நகரம் 2016-ல், செயின் ஆற்றின் வடகரைச் சாலையில் ஒரு பகுதியைக் கார்களிடம் இருந்து மீட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் கொடுத்தது.

கார் வைத்து இருப்பவரும், கூலி வேலைக்குப் போகிறவரும் ஒரே பஸ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், தெருவில் இடம் தானே பிறக்கும். 350 ஆண்டுகளுக்கு முன்பே, நோயில் வாடிய ஒருவர் போட்ட கணக்கு இது. விடை இன்றும் மாறவில்லை.